ஞானத்தகப்பன் சொல்ல வேண்டிய பதில்

எங்கள் ஊர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் உட்காருவது கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி. இருபத்தைந்து வருஷமாக அதே இடம். எல்லோரும் நன்மை வாங்க வரிசையாக எழுந்து போகும்போது நான் மட்டும் எழுந்திருக்க மாட்டேன். நன்மை என்பது கோதுமையில் செய்த மெல்லிய அப்பம். கடவுளே அதில் வருகிறார் என்று நம்புகிறவர்கள் வாங்க வேண்டியது. நான் நம்பவில்லை, அதனால் வாங்கவில்லை. காரணம் அவ்வளவுதான்.

ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பாவசங்கீர்த்தனம் செய்யாமல், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்காமல், நன்மை வாங்கக் கூடாது என்பது பழைய கண்டிப்பு. இப்போது அதை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஆகவே நான் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்தவர்கள், இந்த ஆள் தன்னைத் தகுதியில்லாதவன் என்று எண்ணி ஒதுங்கி இருக்கிறான், இந்தக் காலத்தில் இவ்வளவு பயபக்தி யாருக்கு உண்டு என்று பேசிக்கொண்டார்கள். நான் யாரிடமும் அதிகம் பேசாததும், கண்ணை மூடிக்கொண்டு உட்காருவதும் அதோடு சேர்ந்துகொண்டன. கண்ணை மூடுவது, யாராவது திரும்பிப் பார்த்துச் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க வேண்டியிருக்குமே என்பதற்காக.

திருத்திச் சொல்லியிருக்கலாம். யாரிடம் போய், எப்படி ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். போவது சுலபமாக இருந்தது.

நம்பிக்கை எப்போது போனது என்று எனக்கே சரியாகத் தெரியாது. சண்டை போட்டுக்கொண்டு வெளியே வரவில்லை. புத்தகம் எதுவும் படிக்கவில்லை. பத்தாவதோடு என் படிப்பு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கு வைத்ததும் செபமாலை சொல்வோம். ஒரு தவக்காலத்தில் மணிகளை உருட்டிக்கொண்டே, மறுநாள் எந்தத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் அன்றைக்கு, இந்த வார்த்தைகளை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குள் ஒருமுறை பார்த்தேன். அங்கே ஆள் இருப்பதாகத் தோன்றவில்லை. தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போய் அது நின்று, கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் இல்லை என்பது உறைக்கும். அந்த மாதிரி, என் நம்பிக்கையும் அதற்கு முன்பே எப்போதோ நின்றிருக்க வேண்டும். பயம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. மிச்ச மணிகளைச் சொல்லி முடித்துவிட்டுச் சாப்பிட்டேன்.

எனக்குத் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிற வேலை. கல்தூண்களுக்கு மேலே கம்பிப் பந்தலில் கொடி படர்ந்திருக்கும். கையைத் தூக்கி, தலையை அண்ணாந்து, காய்த்து முடிந்த கிளைகளைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே போக வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமலே நாள் முழுவதும் இருக்கலாம் என்பது எனக்கு அந்த வேலையில் பிடித்தது. பல வருஷமாக எனக்கு அடுத்த வரிசையில் வெட்டுகிறவர் கருப்புச் சட்டைக்காரர். உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் நடக்கும் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். என் விஷயம் அவருக்குத் தெரியும். வேலைக்கு நடுவே ஒருநாள், எந்தச் சாமியை அதிகம் கும்பிடுவேன் என்று கேட்டார். மேலே பார்த்துக்கொண்டிருந்ததால் உண்மை சுலபமாக வந்துவிட்டது.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. “கோயில் பெஞ்சத் தேச்சுக்கிட்டு ஒரு நாத்திகனா?” என்றார். “நீ நாத்திகனும் இல்ல, ஆத்திகனும் இல்ல. நீ ஒரு சோம்பேறி.”

ஒருமுறை என்னைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். பேச்சாளர் மேடையிலிருந்து கேள்வி கேட்டார். கூட்டம் ஒரே குரலில் இல்லை, இல்லை என்றது. பேசியதில் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவர், இது நம்பிக்கை இல்லை, அறிவு என்று விளக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அப்படிப் படவில்லை. பத்துப் பேரோடு எழுந்து நின்று சத்தமாகச் சொல்ல முடிகிற ஒன்று அவரிடம் இருந்தது. என்னிடம் அப்படி எதுவும் இல்லை. அவரை நம்பிக்கையுள்ளவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதைச் சொன்னால் இன்னும் கோபப்படுவார் என்று சொல்லவில்லை.

என் தங்கை மார்க்கையன்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லாததால் அவளுக்குத் தாய்வீடு என் வீடுதான். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் அவளுக்குக் குழந்தை இல்லை. மாதம் ஒருமுறை தேனிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவாள். அவள் கணவருக்கு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் ஒப்பந்த வேலை, லீவு கிடைக்காது. துணைக்கு நான் போவேன். டோக்கன் போட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறும்போது, “செபம் பண்ணுண்ணே” என்பாள். நான் சரி என்பேன். போனிலும் அதைச் சொல்லித்தான் வைப்பாள். நான் சரி என்றுதான் வைப்பேன். அந்தச் சரியில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. பஸ் ஏறும்போது போய் வருகிறேன் என்பதுபோல ஒரு வார்த்தையாக இருந்தது.

போன வருஷம் குழந்தை பிறந்தது. பெண். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஞானஸ்நானத்தை எங்கள் ஊர்க் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஞானத்தகப்பனாகத் தன் அண்ணன் நிற்கட்டும் என்று அவள் கணவர் சொன்னார். அவர்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். இவள் ஒப்புக்கொள்ளவில்லை. மாமியார் வீட்டுக்காரர்கள் குழந்தையைப் பார்க்க வந்திருந்தபோது எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள்.

“எங்கண்ணன் நன்மை வாங்கவே பயப்படுற ஆளு. அது பண்ணுன செபத்துக்குக் கெடச்ச புள்ள இது. அதுதான் நிக்கணும்.”

அவர்கள் அரைமனதாகச் சரி என்றார்கள். நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஞானத்தகப்பனுக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. குழந்தைக்கு வெள்ளைச் சட்டை எடுக்க வேண்டும், மெழுகுத்திரி பிடிக்க வேண்டும். ஆனால் பேச்சு வராத குழந்தைக்காகப் பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். சாமியார் ஒவ்வொன்றாகக் கேட்பார், விசுவசிக்கிறீர்களா என்று. ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் நின்று, எல்லோரும் கேட்க, விசுவசிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். மூன்று முறை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சும்மா இருப்பது வேறு. இது வேறு.

என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு என்னைப் பற்றி முன்பே தெரியும். தெரிந்தும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. “வாயி தானே அசையப் போகுது” என்றாள். அப்படிச் சொல்வது பொய்யாகிவிடும் என்றேன். “நம்ம கல்யாணத்துல சம்மதம்னு சொன்னீகளே, அது மட்டும் எப்படியாம்? வேர்த்து ஊத்துச்சு ஒங்களுக்கு. யாரு பாத்தா உண்மையா பொய்யான்னு?” என்று சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, எதையும் நம்பாதவருக்கு ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது, எதற்கு இவ்வளவு பயப்படுகிறீர்கள் என்று கேட்டாள்.

அந்த வார்த்தையைப் பூசையில் நாக்கு பழகிப்போய் வேகமாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொண்டே செருப்பு வெளியில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்களுக்கு அது லேசாக இருந்தது. எனக்குத்தான் கனமாக இருந்தது. இல்லாத ஒன்று எப்படிக் கனக்கும் என்று நினைத்துக்கொண்டே இரண்டு நாள் கவாத்து வெட்டினேன்.

சாமியாரிடம் சொல்லிவிட்டால் அவரே ஏதாவது காரணம் காட்டி ஆளை மாற்றிவிடுவார் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் அவர் குடியிருக்கும் பங்களாவுக்குப் போய் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டில் முகம் தெரியாது; நடுவில் வலை இருக்கும். அங்கே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் போய் வரிசையில் நின்றேன். முன்னால் இருந்த நான்கு பெண்களும் என்னைப் பார்த்ததும், நீங்க போங்க என்று வழிவிட்டார்கள்.

மண்டியிட்டேன். தொடக்கத்தில் சொல்ல வேண்டியது மறந்துபோயிருந்தது.

“சாமி, எனக்கு விசுவாசம் இல்ல.”

“குறைஞ்சு போச்சுன்னு வருத்தப்படுறீங்களா?” என்றார். அவர் வேறு மாவட்டத்துக்காரர், வயதில் என்னைவிடச் சின்னவர்.

“குறையல சாமி. இல்ல. ரொம்ப வருசமா இல்ல.”

“இது பாவம்னு நெனைச்சு மன்னிப்புக் கேக்க வந்திருக்கீங்களா?”

“இல்ல சாமி.”

“அப்ப எதுக்கு இங்க வந்தீங்க?”

“வெளியில சொல்லக் கூச்சமா இருந்துச்சு.”

வலைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு பொறுமையாகவே பேசினார். கடவுள் இல்லை என்று நீங்கள் நம்புகிறீர்கள், அதை நிரூபிக்க உங்களாலும் முடியாது, அப்படியென்றால் அதுவும் ஒரு விசுவாசம்தானே என்றார். நான் அப்படி உறுதியாக எதையும் நம்பவில்லை, ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான் என்றேன். பசிக்காத மாதிரியா என்று கேட்டார். பசிக்காதவன் சாப்பாடு இல்லை என்று நம்புவதில்லையே சாமி என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பிள்ளைக்கு வேறு ஆளை நிற்கச் சொல்ல வேண்டும்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க எதுக்காக வந்திருந்தாலும் இந்தக் கூண்டுக்குள்ள கேட்டதை நான் வெளிய எடுத்துட்டுப் போக முடியாது. அதை வச்சு ஒரு காரியமும் பண்ண முடியாது. நாளைக்கு உங்களைப் பாத்தா எனக்கு இது தெரியாது. பங்களாவுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்ப எனக்குத் தெரியும்.”

சாமியார் காதில் போட வேண்டுமென்று நினைத்து, அவர் கையைக் கட்டிப்போட்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து ஞானோபதேச வகுப்பில் படித்த சங்கதிதான். எப்படியோ மறந்திருக்கிறேன்.

வெளியே வந்தபோது வரிசையில் இருந்த ஒரு பெண் மற்றவளிடம், “இவருக்கே இம்புட்டு நேரம்னா நமக்கெல்லாம் விடிஞ்சிரும்” என்றாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் பங்களா வாசலுக்குப் போனேன். சாமியார் அங்கியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார். நான் சொல்வதற்காகக் காத்து நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர், இந்தத் தடவை காய் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை சாமி, மழை பெய்யாமல் இருந்தால் தப்பித்துவிடும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மீதி இருந்தது தங்கைதான். வியாழக்கிழமை என் மனைவி நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டத் தங்கைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. நான் ஊற்றினேன். அவள் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டுச் சோப்புப் போட்டாள். நான் சொம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“ஆத்தா, ஞாயித்துக்கெழமை நான் நிக்க முடியாது.”

“ஏன், சட்டை தைக்கக் குடுக்கலையா?”

“அங்கன நின்னு விசுவசிக்கிறேன்னு சொல்லணும். எனக்கு அது இல்ல.”

“எது இல்ல?”

“சாமி.”

“தண்ணிய ஊத்து. புள்ள கண்ணுல சோப்பு.”

ஊற்றினேன். குழந்தை வீறிட்டு அழுதது. அவள் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அழுகை அடங்கும் வரைக்கும் தட்டிக்கொடுத்தாள். பிறகு எப்போதிருந்து என்று கேட்டாள். அவள் கல்யாணத்துக்கு முந்தியே என்றேன்.

“என் கல்யாணத்துல முழங்கால் போட்டு இருந்தியே.”

“நீ நல்லா இருக்கணும்னு நெனச்சேன்.”

“யாருகிட்ட நெனச்ச?”

“யாருகிட்டயும் இல்ல. நெனச்சேன்.”

அவள் குழந்தையின் தலையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பதினோரு வருசம்” என்றாள். “செபம் பண்ணுண்ணேன்னு சொல்லிச் சொல்லி நான் நம்பிக்கிட்டு இருந்தேன். எனக்காக ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான்னு.”

அவளுக்காகக் கேட்க ஆள் இருக்கிறது என்று அவள் நினைத்த பதினொரு வருஷமும் அங்கே யாரும் இல்லை. கடவுள் இல்லை என்பதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை. இதில் இருந்தது.

“அப்ப இது யாரு குடுத்த புள்ள?” என்று கேட்டாள். டாக்டரைச் சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. நல்லவேளை.

இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. என் மனைவியிடம் விசாரித்திருக்கிறாள். அப்பா செத்த வருத்தத்தில் வந்ததா என்று கேட்டாளாம். அதற்கு முன்பே என்று மனைவி சொல்லியிருக்கிறாள். யாராவது மருந்து வைத்திருப்பார்களோ என்றாளாம். கடைசியில், அந்தக் கருப்புச் சட்டைக்காரனோடு சேர்ந்துதான் கெட்டுப்போனது என்று முடிவு செய்துவிட்டாள். நான் அவரிடம் இதைச் சொன்னபோது கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தார். “நான் இருவது வருசம் தொண்டை கிழியப் பேசியும் ஒருத்தனையும் திருப்புனதில்ல. ஒருத்தன் திரும்பிட்டான்னு உன் தங்கச்சி சொல்லுது, அவன் எனக்கு முந்தியே திரும்புனவன்” என்றார். யாரால் வந்தது என்று ஒரு பெயர் கிடைத்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கும் கொடுக்க ஆசைதான். உண்மையில் யாரும் இல்லை.

சனிக்கிழமை அவளே மாமியார் வீட்டுக்குப் போன் போட்டு, கணவரின் அண்ணனே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டார்கள். “எங்கண்ணனுக்கு ஆளுக முன்னாடி நிக்கக் கூச்சம்” என்றாள். நான் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோர் முன்னாலும் பெருமையாகச் சொன்ன வார்த்தையை அவள் திருப்பி வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் மாமியார் என்ன சொன்னாரோ, “ஆமாத்தே, நீங்க சொன்னது சரிதான்” என்றாள், இரண்டு தடவை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவரின் அண்ணன் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். சாமியார் முதல் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே விசுவசிக்கிறேன் என்று சத்தமாகச் சொன்னார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சாமியார் கேள்வியை முழுதாக மறுபடி கேட்டார். தங்கையும் பதில் சொன்னாள். அவள் குரல் எனக்குக் கடைசி பெஞ்ச் வரை தெளிவாகக் கேட்டது. அவளுக்கு அது பழக்கத்தில் வரும் வார்த்தை இல்லை. நான் வெளியில் போய் நின்றிருக்கலாமோ என்று நினைத்தேன். போகவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் போன் வருவது குறைந்தது. வந்தாலும் என் மனைவியிடம் பேசிவிட்டு வைத்துவிடுவாள். நான் எடுத்தால், குழந்தை தூங்குகிறது, மழை பெய்கிறது என்பாள். முடிக்கும்போது வழக்கமாகச் சொல்வது எதுவும் கிடையாது. பேச்சு சட்டென்று நின்றுபோகும். வைத்துவிட்டாளா இருக்கிறாளா என்று தெரியாமல் நான் கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்திருப்பேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் கூப்பிட்டாள். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், கணவருக்கு லீவு இல்லை, தேனிக்குப் போக வேண்டும் என்றாள். “வர்றியா?” என்று மட்டும் கேட்டாள். நான் கத்தரியைப் பந்தல் தூணில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்து, சத்தமில்லாமல் உருட்டினாள். முதலில் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு நேராக உட்கார்ந்துகொண்டாள். குழந்தையின் உடம்பு என் கையில் சுட்டது. நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. காய்ச்சல் குறைய வேண்டும் என்று நினைத்தேன். அவள் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மணிகளுக்குப் போனாள்.

சாயங்காலம் மார்க்கையன்கோட்டைக்குத் திரும்பி, அவள் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். இரண்டாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. அவள் இட்லி எடுத்து வைத்தாள்.

“மாதா காப்பாத்திட்டா” என்றாள். “நீ நம்பமாட்ட.”

“காய்ச்சல் விட்டுருச்சு ஆத்தா” என்றேன்.

“அதையாச்சும் ஒத்துக்கிறியே” என்று சட்னியை ஊற்றினாள். “சாப்புடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”